சி-யின் நான்கு ஓசைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏழாம் வகுப்பு முடித்த என் மகளுக்கு இந்த விடுமுறையில் நாளுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில், அதில் தொடங்கும் இருபது ஆங்கிலச் சொற்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். ஏ, பி இரண்டும் தடையின்றிப் போயின. சி வந்ததும் கெமிஸ்ட்ரியைச் ‘செமிஸ்ட்ரி’ என்கிறாள்; ஷெஃப் என்பதைக் ‘கெஃப்’ என்கிறாள். முறையே தவறா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலெழுத்து வரிசை என்பது சொல்லைத் தேடி எடுப்பதற்கு ஏற்றதே தவிர, மனத்தில் நிறுத்துவதற்கு ஏற்றதன்று. சொற்களை மனப்பாடம் செய்தே கற்ற காலத்தில் நம்மவர்கள் நிகண்டுகளைச் செய்யுளில் இயற்றி, தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பெரும்பாலும் பொருள்வாரியாகவே தொகுத்தார்கள்; 1732-ல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி அகர வரிசையைப் பின்பற்றியது, புரட்டிப் பார்ப்பவரின் வசதிக்காக.

பட்டியலைக் கிழித்துப் போட வேண்டாம்; இரண்டாம் எழுத்தைப் பார்த்துப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். சி-யை அடுத்து ஏ, ஓ, யு அல்லது எல், ஆர் போன்ற மெய்யெழுத்து வந்தால் ககர ஓசை: கேட், கோட், கப், கிளாஸ், கிரீம். ஈ, ஐ, ஒய் வந்தால் ‘சாப்பாடு’ என்னும்போது நம் வாயில் வருகிற மெல்லிய சகரம்: செல், சிட்டி, சைக்கிள்.

அடுத்து எச் வந்தால்தான் உங்கள் மகள் தடுமாறிய இடம். சேர், சீஸ், சைல்ட் ஆகியவற்றில் ‘அச்சம்’ என்பதில் உள்ள அழுத்தமான சகரம் ஒலிக்கும். கெமிஸ்ட்ரி, கோரஸ், கேரக்டர் ஆகியவை கிரேக்க மூலத்தை உடையவை என்பதால் ககரமாக ஒலிக்கின்றன. ஷெஃப், ஷாம்பெயின் ஆகியவை பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தவை. தலைவரைக் குறிக்கும் சீஃப், சமையற்கலைஞரைக் குறிக்கும் ஷெஃப் இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான். முன்னது பிரெஞ்சுக்காரர்களே அழுத்தமான சகரமாக ஒலித்த இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது, பின்னது அவர்கள் உச்சரிப்பு ‘ஷ’ ஆக மாறிய பிறகு பல நூற்றாண்டு கழித்து வந்தது. இந்த ஒரு கதையைச் சொன்னால் உங்கள் மகள் இரண்டையும் மறக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நைஃப், நீ, நாட் போன்ற சொற்களில் ஒலிக்காத கே-யை ஏன் முன்னால் எழுதுகிறார்கள்?
– ஒரு மாணவர், தென்காசி

பதில்: ஒரு காலத்தில் ஒலித்தது என்பதால். பழைய ஆங்கிலத்தில் கத்தியைக் ‘க்னீஃப்’ என்பது போலச் சொன்னார்கள். ஏறத்தாழ 17-ஆம் நூற்றாண்டில் நாக்கு ககரத்தை விட்டுவிட்டது, அதற்குள் அச்சில் நிலைபெற்றுவிட்ட எழுத்து விடவில்லை. முழங்காலை ஜெர்மானியர் இன்றும் ‘க்னீ’ என்றே சொல்கிறார்கள். அன்றைய ஆங்கிலேயர் இச்சொற்களைச் சி-யில்தான் தொடங்கினார்கள். கிங், கிச்சன், கிஸ் ஆகியவையும் அப்படியே. 1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, ஈ, ஐ-க்கு முன்னால் சி வந்தால் சகரமாகப் படிக்கும் பிரெஞ்சு வழக்கம் எழுத்தர்களிடையே பரவியது; குழப்பத்தைத் தவிர்க்கக் ககர ஓசைக்குக் கே-யைப் போட்டார்கள். அதனால்தான் கே வரிசையில் வீட்டுப் புழக்கத்துப் பழஞ்சொற்கள் மிகுதியாகவும், ஈ, ஐ தொடரும் சி வரிசையில் பிரெஞ்சு, இலத்தீன் வரவுகள் மிகுதியாகவும் இருக்கின்றன. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கே-யை விட்டு எழுதினால் ‘அறி’ என்னும் நோ ‘இல்லை’ என்னும் நோவாகாது, ‘இப்போது’ என்னும் நவ் ஆகிவிடும்.

கேள்வி: சி வரிசையில் நம் சொற்கள் உண்டா? ‘காசு’தான் ‘கேஷ்’ ஆனது என்கிறார்களே!
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் உதாரணத்தில் பாதிதான் சரி. இந்தியா, சீனா முதலிய நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’, போர்ச்சுகீசியர் வழியாகச் சென்ற நம் காசு. கடையில் கொடுக்கும் ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து பிறந்தது. இரண்டும் உருவில் ஒன்றிவிட்டதால் வந்த மயக்கம் இது. ஐயமின்றி நம்முடையவை என்று கட்டுமரத்தையும் சுருட்டையும் சொல்லலாம். கட்டுமரம் ககர ஓசையோடு ‘கேட்டமரன்’ ஆயிற்று. சுருட்டு பிரெஞ்சு எழுத்து வடிவில் போனதால், சி-யும் எச்சும் முன்னால் நிற்க, ஷெஃப் போலவே ‘ஷெரூட்’ என்று ஒலிக்கிறது. திண்டுக்கல் சுருட்டு அந்த நாளில் வெள்ளைக்காரர்களிடையே பெயர்பெற்றிருந்தது. முதல் கேள்வி கேட்ட வாசகி தம் மகளின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.