ஜூடோத் தரைப்போரும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும்: குப்புறக் கிடப்பது தவறா?

காரைக்குடியில் பள்ளி அணிக்காக ஜூடோ ஆடும் உங்கள் மகன் தரையில் குப்புறக் கிடந்து தற்காத்துக்கொள்வதை, தரைப் பிடிப்போரை மையமாகக் கொண்ட பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் கலையைப் பழகிய நண்பர் தவறென்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அவரவர் விதிப்படி இருவரும் சரியே.

1914இல் பிரேசில் சென்ற மயேடா என்னும் ஜூடோ வீரர் வழியாகவே ஜியு-ஜிட்சு அங்கு வேரூன்றியதால், அமுக்குப்பிடி, கைப்பூட்டு, கழுத்து நெரிப்பு யாவும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு விதிகளில்தான் இருக்கிறது. ஜூடோவில் எதிராளியை மல்லாத்தி 20 விநாடி அமுக்கினாலே முழு வெற்றி. தரையில் முன்னேற்றம் இல்லையெனில் நடுவர் இருவரையும் எழுப்பிவிடுவார். ஆகவே முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கழுத்துப்பட்டியைக் காத்து, குப்புறக் கிடந்து நடுவரின் குரலுக்குக் காத்திருப்பது அங்கே கெட்டிக்காரத்தனம். ஜியு-ஜிட்சுவில் அப்படி எழுப்பிவிடும் வழக்கம் இல்லை; முதுகில் ஏறியவர் இரு குதிகால்களையும் உங்கள் மகனின் தொடைகளின் உட்புறம் கொக்கிபோல் மாட்டி 3 விநாடி நிலைத்தால் 4 புள்ளி, அடுத்த குறி கழுத்து. எனவே அங்கே மல்லாந்து, கால்களால் எதிராளியின் இடையைப் பின்னிக்கொள்வதே மேல்.

மேலிருந்து அமுக்கும் அழுத்தத்தில் ஜூடோக்காரருக்கே என் வாக்கு. இரண்டையும் பழகட்டும், ஆனால் வீட்டு ஆத்தங்குடித் தளத்தில் மெத்தை விரிக்காமல் வேண்டாம்.