ஏர் ரைபிளுக்கு எந்த ஸ்கோப், எந்த மவுன்ட்? கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

ஓசூரில் ஆரம்பித்து அரூர் வரை பல ஊர்க்காரர்கள் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பெரும்பாலும் விஷயம் ஒன்றுதான். கையில் ஒரே ஒரு ரைபிள். வீட்டுப் பின்பக்கம் 10 மீட்டரில் தாள் குறி, தோட்டத்துக்குப் போனால் 25, 30 மீட்டரில் தகர டப்பா. இதற்கெல்லாம் பொதுவாக எந்த ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), அதை ரைபிளோடு பிடித்து வைக்க எந்த மவுன்ட் மாட்டலாம் என்கிறீர்கள். பதிலுக்கு நான் கேட்பது, நிஜமாகவே எத்தனை மீட்டரில் சுடுகிறீர்கள் என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால் பாதிச் சாமான்களை வாங்கவே வேண்டியிருக்காது.

ஊத்தங்கரை தம்பி: அண்ணா, என்னுடையது ஸ்பிரிங் ரைபிள், 4.5 மி.மீ. ஆன்லைனில் 6-24x50 ஸ்கோப் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. 6-24 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அதைத்தான் பவர் என்பார்கள். 50 என்பது முன் கண்ணாடியின் அகலம், மி.மீ. கணக்கில். வேண்டாம் என்பதற்கு மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, உதை. ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் உதைக்கும். அதே பிஸ்டன் குழாய் முனையில் அழுந்திய காற்றில் மோதி நிற்கும்போது ரைபிள் முன்னால் வெட்டி இழுக்கும். இரண்டும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்துவிடும். பெரிய துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப் பின் உதையை மட்டும் தாங்கும்படி கட்டப்பட்டது. முன் இழுப்பில் அதன் உள்குழாயும் ரெட்டிகிளும் (உள்ளே தெரியும் குறுக்குக் கோடு) தளர்ந்துவிடும். அதனால் ‘ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது’ என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிற ஸ்கோப்பாகப் பாருங்கள்.

இரண்டாவது, பாரலாக்ஸ். சாதாரண ரைபிள் ஸ்கோப்பை 100 கெஜத்துக்குச் சரிசெய்து பூட்டியிருப்பார்கள். அதில் 10 மீட்டர் தாளைப் பார்த்தால் மங்கலாகத் தெரியும், கண் கொஞ்சம் நகர்ந்தாலும் குறுக்குக் கோடு குறியை விட்டு நகரும். ரைபிளை மணல் மூட்டை மேல் அசையாமல் வைத்து, தொடாமல் தலையை மட்டும் இடதும் வலதும் ஆட்டிப் பாருங்கள். கோடு தாளின் மேல் ஊர்ந்தால் அந்தத் தூரத்துக்கு அந்த ஸ்கோப் ஆகாது. முன் கண்ணாடியைச் சுற்றி தூரத்தின் எண்கள் போட்ட வளையம் இருக்கிற மாடலை ஏஓ என்பார்கள். அது 10 கெஜம் வரை இறங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, உயரம். அந்த 50 மி.மீ. கண்ணாடிக்கு உயரமான மவுன்ட் வேண்டும். மவுன்ட் உயர்ந்தால் கன்னம் ஸ்டாக்கில் (ரைபிளின் கட்டையில்) படியாது. கன்னம் படியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கண் வேறு வேறு இடத்தில் நிற்கும்.

உங்களுக்கு 3-9x40 ஏஓ தாராளமாகப் போதும். கையில் பிடித்துச் சுடும்போது 4-ல் வையுங்கள், தாளில் குரூப் (பல ஷாட்களும் சேர்ந்து விழும் கூட்டம்) பார்க்கும்போது 9-க்குக் கொண்டு போங்கள். வெளிச்சமும் ஒரு கணக்குதான். 40 மி.மீ.யை 9-ஆல் வகுத்தால் சுமார் 4.4 மி.மீ. கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 4-ல் வைத்தால் 10 மி.மீ. சாயங்காலம் பவரைக் குறைத்தால் படம் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பாலக்கோடு நண்பர்: ஸ்கோப் மாட்டி ஜீரோ செய்தேன், அதாவது கோடு காட்டும் இடத்திலேயே பெல்லட் படும்படி திருகி வைத்தேன். இருபது முப்பது ஷாட் போனதும் குறி மேலே ஏறுகிறது, பக்கவாட்டில் ஓடுகிறது. ஸ்கோப் போய்விட்டதா?

ஸ்கோப்பைக் கழற்றி வீசுவதற்கு முன் மவுன்ட்டைப் பாருங்கள். இந்தப் புகாரில் பெரும்பாலும் தப்பு மவுன்ட் மேல்தான் இருக்கும். ஒவ்வொரு உதைக்கும் மவுன்ட், ரெயிலில் (ரைபிளின் மேல் மவுன்ட் பிடிக்கும் தண்டவாளத்தில்) மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நழுவுகிறது. ரெயிலில் சுரண்டின கோடு தெரிந்தால் விஷயம் அதுதான்.

ஏர் ரைபிளில் பெரும்பாலும் இருப்பது 11 மி.மீ. டவ்டெயில் ரெயில். அகலமான பிகாட்டினி ரெயிலின் மவுன்ட் இதில் உட்காராது. இழுத்துப் பிடித்து முடுக்கினால் ரெயில்தான் கெடும். மவுன்ட்டின் ரிங்கும் ஸ்கோப் குழாய்க்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும். ஒரு இஞ்ச் குழாய்க்கு ஒரு இஞ்ச் ரிங், 30 மி.மீ. குழாய்க்கு 30 மி.மீ. ரிங். ரெயிலின் பின்பக்கம் சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள். மவுன்ட்டில் இருக்கிற ஸ்டாப் பின் அதில் இறங்கி உட்கார்ந்தால் நழுவலுக்கு வேலை இல்லை. ஸ்பிரிங் ரைபிளுக்கு இரண்டு தனி ரிங்கைவிட ஒரே துண்டாக வரும் மவுன்ட் நல்லது. பிடிப்பு நீளம் கூடுதல்.

மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ரெயில், ரிங், குழாய் மூன்றையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடையுங்கள். கீழ் ரிங்கில் ஸ்கோப்பை வைத்து மேல் மூடிகளைத் தளர்வாகப் போடுங்கள். ரைபிளை நிமிர்த்தி மட்டமாக நிறுத்திவிட்டு, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஒரு தூக்குக்குண்டைத் தொங்க விடுங்கள். கொத்தனார் வைத்திருப்பாரே, அதேதான். ஸ்கோப்புக்குள் நிற்கும் செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒன்றாகும்வரை குழாயைத் திருப்புங்கள். அப்புறம் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இரண்டு பக்கமும் மூடிக்கும் ரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்கட்டும். அலன் கீயின் நீளமான பக்கத்தைத் திருகில் செருகி, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினால் வருகிற இறுக்கம் போதும். முஷ்டி போட்டு முடுக்கினால் குழாய் நசுங்கும். கோடு சாய்ந்திருந்தால் 10 மீட்டரில் தெரியாது, 30 மீட்டருக்குப் போனதும் குறி பக்கவாட்டில் விலகும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓடினால் ஸ்டாக் திருகுகளைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைபிளில் அவை தானாகவே தளரும். அதுவும் சரியாக இருந்தால் மட்டும் ஸ்கோப்பைச் சந்தேகப்படுங்கள்.

அதே நண்பர்: ஸ்கோப் குமிழை நாலு கிளிக் திருப்பினேன், குறி அசையவே இல்லையே?

அசைந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம். கால் எம்ஓஏ கிளிக் என்றால் ஒரு கிளிக்குக்கு 100 மீட்டரில் 7 மி.மீ. சொச்சம் நகரும். 10 மீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.7 மி.மீ. தான். 10 மீட்டரில் 2 செ.மீ. தள்ளிப் பட்டால் ஏறக்குறைய 27 கிளிக் திருப்ப வேண்டும். ஒரே ஒரு ஷாட்டைப் பார்த்துத் திருப்பாதீர்கள். ஐந்து சுட்டு, அந்தக் குரூப்பின் நடுவை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: 25 மீட்டருக்கு ஜீரோ செய்தால் 10 மீட்டரில் கீழே படுகிறது. இது ஏன் சார்?

ஸ்கோப் பேரலுக்கு மேலே சுமார் 4 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெல்லட் கீழிருந்து கிளம்பி, பார்வைக் கோட்டைத் தாண்டி மேலே போய், திரும்பவும் இறங்கி வருகிறது. சாதாரண 4.5 மி.மீ. ரைபிளில் 25-க்கு ஜீரோ செய்தால் 10 மீட்டரில் ஏறத்தாழ ஒரு செ.மீ. கீழே படும். 5 மீட்டரில் 2 செ.மீ. இது ரைபிளின் கோளாறு இல்லை, எல்லா ரைபிளிலும் இப்படித்தான். இதற்காகத்தான் மில்டாட் ரெட்டிகிள் (குறுக்குக் கோட்டில் வரிசையாகப் புள்ளிகள் உள்ளது) வாங்கச் சொல்கிறேன். 10, 15, 20, 25, 30 மீட்டரில் சுட்டுப் பார்த்து, எந்தத் தூரத்துக்கு எந்தப் புள்ளி என்று துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்கோப்களில் பவரை மாற்றினால் புள்ளிகளின் கணக்கும் மாறும். அதனால் எந்தப் பவரில் எழுதினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

பர்கூர் தோப்புக்காரர்: மா காய்க்கும் பருவத்தில் கிளி, குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை. ராத்திரியில் பன்றி வேறு. ஏர் ரைபிளுக்கு டார்ச்சும் நல்ல ஸ்கோப்பும் போட்டால் விரட்ட முடியுமா?

ஐயா, உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதற்கு நான் ஸ்கோப் சொல்ல மாட்டேன். கிளி, குரங்கு, மயில், காட்டுப்பன்றி எல்லாமே 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. ஏர் ரைபிளாக இருந்தாலும் சுட்டால் வழக்குதான். சட்டத்தை விடுங்கள், 4.5 மி.மீ. பெல்லட் பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி அடுத்த நாள் காலையில் யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. பயிர்ச் சேதத்தை வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மரத்துக்கு வலை, வரப்பில் பளபளக்கும் நாடா என்று போங்கள். தெரு நாயைச் சுடலாமா என்று வேறு ஒருவர் கேட்டிருந்தார். அதற்கும் கூடாது என்பதுதான் பதில்.

கிருஷ்ணகிரி, ஒரு தாயார்: மகள் ஒன்பதாம் வகுப்பு. 10 மீட்டர் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். ஸ்கோப் வைத்த ரைபிள் வாங்கித் தரலாமா?

அம்மா, ஸ்கோப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. பின்னால் சிறு துளை, முன்னால் வளையம் உள்ள பீப் சைட் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அரை மி.மீ. அகலமே உள்ள பத்தாம் புள்ளியைக் குறிவைக்கிறார்கள், 60 தடவை. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்ததும் இதில்தான்.

முதலில் ஒரு பயிற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள். கிளப் ரைபிளில் சில மாதம் பழகட்டும். அப்புறம் அவள் கை நீளத்துக்கும் தோளுக்கும் பொருந்துகிற ரைபிளைப் பயிற்சியாளரே சொல்வார். போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், வளரும் பிள்ளைக்கு அது பெரிய பாரம். வீட்டில் பழக ஆசைப்பட்டால், குண்டே போடாமல் வெறும் சுவரைப் பார்த்து நிலையாக நிற்பதும் மூச்சை நிறுத்துவதுமே பெரிய பயிற்சி. ஆனால் ஸ்பிரிங் ரைபிளைப் பெல்லட் இல்லாமல் டிரிகர் இழுக்க விடாதீர்கள், பிஸ்டன் சீல் அடிபடும்.

ஓசூர் ஐடி நண்பர்: வெளிநாட்டு வீடியோக்களில் ‘ஸ்கவுட் ரைபிள்’ என்று ஸ்கோப்பைப் பேரல் பக்கம் முன்னால் தள்ளி மாட்டுகிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா?

அது அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த யோசனை. ஒரு ஆள் நாள் பூராவும் சுமந்து நடக்க, எல்லா வேலைக்கும் ஒரே ரைபிள்: சுமார் ஒரு மீட்டர் நீளம், 3 கிலோ எடை. குறைந்த பவர் ஸ்கோப்பை முன்னால் வைத்தால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுடலாம், போல்ட்டுக்கு மேலே இடம் காலியாக இருப்பதால் மேலிருந்து தோட்டாவும் நிரப்பலாம். அந்த ரைபிளுக்கு அது பொருத்தம். உங்கள் ஏர் ரைபிளில் மேலிருந்து நிரப்பும் வேலையே இல்லை. மடக்கும் பேரல் மேல் ஸ்கோப்பை வைக்கவும் முடியாது. அந்த யோசனையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: எடையைக் கூட்டாதீர்கள்.

அவரே: ரெட் டாட், லேசர், பைபாட், சைலன்சர்?

ரெட் டாட் (குறுக்குக் கோட்டுக்குப் பதில் சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் சைட்): டப்பா சுட ஜாலியாக இருக்கும். 3 எம்ஓஏ புள்ளி 10 மீட்டரில் 9 மி.மீ. இடத்தை மறைக்கும் என்பதால் தாள் குறிக்கு ஆகாது. லேசர் வேண்டவே வேண்டாம்.

பைபாட் (ரைபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் கால்): ஸ்பிரிங் ரைபிளுக்குக் கெடுதல். கெட்டியான கால் மேல் நின்றால் உதையின் போக்கு மாறி, குறி இடம் மாறிவிடும். முன் கட்டையைத் திறந்த உள்ளங்கையில் சும்மா படுக்க வையுங்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிசிபி ரைபிளில் (முன்கூட்டியே காற்றை அழுத்தி நிரப்பி வைப்பது) உதை அவ்வளவாக இல்லாததால் பைபாட் போடலாம்.

சைலன்சர்: அந்தப் பேச்சே வேண்டாம். துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் கருவியை 1959-ம் வருட ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

பென்னாகரம் வாசகர்: அப்பா பெயரிலிருந்து லைசென்ஸ் என் பெயருக்கு மாறியிருக்கிறது. இஷாப்பூர் .315 ரைபிள். ஸ்கோப் போட வழி உண்டா?

உண்டு. ஆனால் ரிசீவரில் (பேரலுக்குப் பின்னால் உள்ள இரும்பு உடல்) துளை போட்டு மரை வெட்ட வேண்டியிருக்கும். அதை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறையில் மட்டும் செய்யுங்கள், ஊர் லேத் பட்டறையில் கொடுத்தால் உங்களுக்கும் வழக்கு, அவருக்கும் வழக்கு. ஸ்கோப் 2-7x32 போதும். பவரைவிட இங்கே முக்கியம் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி. மூன்றரை இஞ்சுக்குக் குறைந்தால் உதையில் ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். உங்கள் ரைபிளின் பழைய இரும்பு சைட்டே நன்றாக இருந்தால், அதை வைத்துப் பழகுவதைத்தான் நான் விரும்புவேன்.

மத்திகிரி: விடிகாலைப் பனியில் ஸ்கோப் கண்ணாடி மங்குகிறது.

வெளிப்பக்கம் மங்கினால் கவலை இல்லை, சற்று நேரத்தில் தெளியும். உள்ளே மங்கினால் நைட்ரஜன் கசிந்துவிட்டது, வாரண்டியில் மாற்றுங்கள். வேட்டி நுனி, கர்சீப் எதனாலும் துடைக்காதீர்கள். நம் பக்கத்து மண் தூசியில் கருங்கல் பொடி இருக்கும், கண்ணாடிப் பூச்சில் கோடு போட்டுவிடும். முதலில் ஊதும் பம்ப்பால் தூசியைத் தள்ளி, மெல்லிய பிரஷ், கடைசியில்தான் லென்ஸ் துணி.

காவேரிப்பட்டணம்: மொத்தமாகக் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. எதை முதலில் வாங்குவது?

கண் பாதுகாப்புக் கண்ணாடி, பெல்லட் டிராப் (சுட்ட பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டி) இரண்டும் முதலில். நம் ஊரில் பாறைக்குப் பஞ்சமில்லை என்று பாறையில் டப்பாவை வைத்துச் சுடுகிறார்கள். கருங்கல்லில் பட்ட பெல்லட் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். தகரப் பெட்டிக்குள் ரப்பர் துண்டுகளை அடைத்து, பின்னால் மண் மேடு வைத்துச் சுடுங்கள். இரும்பு பிபி குண்டு வேண்டாம், ஈயப் பெல்லட்டே போடுங்கள், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்து நாலைந்து வகைப் பெல்லட் ஒவ்வொரு டப்பா. ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு பெல்லட் பிடிக்கும். 10 மீட்டர் தாளுக்குத் தட்டைத் தலை, 25-க்கு மேல் உருண்டைத் தலை. எது இறுக்கமான குரூப் தருகிறதோ அதையே தொடருங்கள். அப்புறம் மவுன்ட். அதற்கப்புறம்தான் ஸ்கோப். பணம் தேறும்வரை ரைபிளோடு வந்த சைட்டிலேயே சுடலாம்.

பேரலில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது காற்றறைக்குள் போனால் அழுத்தத்தில் தீப்பிடித்துப் புகையும், ஸ்பிரிங்கும் சீலும் உடையும்.

மொரப்பூர்: பஸ்ஸில் எடுத்துப் போகலாமா? லைசென்ஸ் கேட்பார்களா?

துளை 4.5 மி.மீ.க்கு மேல் போகாமல், பேரல் முனையை விட்டு வெளியேறும் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருந்தால் 2016-ம் வருட ஆயுத விதிகள்படி லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். 5.5 மி.மீ. ரைபிளை யாராவது ‘ஒன்றும் ஆகாது’ என்று விற்க வந்தால் விலகிவிடுங்கள். வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்து ரசீது வாங்குங்கள், அதன் நகல் எப்போதும் பையிலேயே இருக்கட்டும். பெல்லட் ஏற்றாமல், மூடிய உறையில் வைத்து எடுத்துப் போங்கள். வழியில் யாருக்கும் திறந்து காட்ட வேண்டாம்.