ஆங்கிலத் தேர்வில் கட்டுரைக்கும் உரைப்பகுதி வினாக்களுக்கும் எப்படிப் பயிற்சி எடுப்பது?

தங்கள் மகள் உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத் தேர்வுக்காக வாரம் தவறாமல் பழைய வினாத்தாள்களை எழுதி வருகிறார் என்றும், ஆனாலும் கட்டுரையிலும் உரைப்பகுதி வினாக்களிலும் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றும், இன்னும் எத்தனை வினாத்தாள்களை எழுத வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் கற்பிப்பதையும் விடைத்தாள் திருத்துவதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம், பாதியாகக் குறையுங்கள். அதனால் மிச்சமாகும் நேரத்தை, எழுதி முடித்த விடையை மறுபடி எடுத்து ஆராய்வதற்கும் அதையே திருத்தி எழுதுவதற்கும் கொடுங்கள். ஒரு மாணவி இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதை மட்டுமே வினாத்தாள் காட்டும். அவரை அந்த நிலையிலிருந்து மேலே கொண்டுவருவது அதன் பிறகு நடக்கும் வேலை. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

முதலில் உரைப்பகுதி வினாக்கள். விடை தவறினால், விடைக்குறிப்பைப் பார்த்துச் சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்வதோடு பல வீடுகளில் பயிற்சி முடிந்துவிடுகிறது. அதே உரைப்பகுதி தேர்வில் மறுபடி வரப்போவதில்லை. ஆகவே அந்தச் சிவப்பு வரிகளால் பெரிய பயன் இல்லை. சரியான விடை எது என்பதைவிட, தம்முடைய விடை எந்த இடத்தில் தடம் மாறியது என்பதே தெரிய வேண்டும். இதற்கு நான் மாணவர்களைச் செய்யச் சொல்வது ஒன்றுதான். எழுதிய ஒவ்வொரு விடைக்கும் எதிரே, இதை எந்த வரியிலிருந்து, அந்த வரியின் எந்தச் சொற்களிலிருந்து எடுத்தேன் என்று பென்சிலால் குறித்துவிட்டு, அதன் பிறகே விடைக்குறிப்பைத் திறக்க வேண்டும். குறிக்க வரி எதுவும் அகப்படவில்லை என்றால், அந்த விடை உரைப்பகுதியில் இல்லை, மாணவரின் கற்பனையில் இருக்கிறது என்று பொருள்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு கதைப்பகுதி இப்படி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: மகன் பரிசுக் கோப்பையோடு வீட்டுக்குள் வருகிறான், அப்பா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே “நல்லது” என்கிறார், ஆனால் வெகுநேரமாகியும் அவர் பக்கத்தைப் புரட்டவே இல்லை. இதற்கு வினா, “அப்பா பக்கத்தைப் புரட்டவில்லை என்பது அவருடைய மனநிலையைப் பற்றி என்ன சொல்கிறது? 2 மதிப்பெண்.” ஒரு மாணவர் “அவர் செய்தியை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார்” என்று எழுதுவார். இன்னொருவர் “மகன்மீது அவருக்கு அன்பில்லை” என்று எழுதுவார். மூன்றாமவர் “அவர் மகிழ்ச்சியாக இருந்தார்” என்று எழுதுவார். மூன்றும் முழு மதிப்பெண் பெறாதவைதான். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு. முதலாமவர் வரியின் மேலோட்டமான பொருளோடு நின்றுவிட்டார். இரண்டாமவர் “கண்ணை எடுக்காமலே” என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, “ஆனால்” என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டார். மூன்றாமவர் சரியாகவே உணர்ந்திருக்கிறார், எனினும் பாதி விடையோடு நிறுத்திவிட்டார். வெளியே பொருட்படுத்தாதவர் போலக் காட்டிக்கொண்டாலும், மனம் செய்தித்தாளில் இல்லாமல் மகனின் வெற்றியிலேயே இருந்தது என்று இரு பக்கத்தையும் சேர்த்து எழுதினால்தான் இரண்டு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

இந்த மூவருக்கும் ஒரே மருந்து உதவாது. முதலாமவர், கதையாசிரியர் இந்த விவரத்தை ஏன் இங்கே வைத்தார் என்று கேட்டுப் பழக வேண்டும். இரண்டாமவர், படிக்கும்போதே “ஆனால்”, “எனினும்”, “இருந்தபோதிலும்” போன்ற சொற்களைக் கண்ட இடத்தில் வட்டமிட வேண்டும். திருப்பம் அங்கேதான் இருக்கும், வினாவும் பெரும்பாலும் அங்கிருந்தே எழும். மூன்றாமவர், வினாவுக்குப் பக்கத்திலுள்ள மதிப்பெண்ணைப் பார்த்து, அத்தனை கருத்துகள் தம் விடையில் உள்ளனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கள் மகளின் விடைத்தாள்களை மூன்று நான்கு எடுத்து, தவறிய விடைகளுக்குப் பக்கத்தில் இந்த மூன்றில் எது என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வகைத் தவறுதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

சொந்தச் சொற்களில் எழுதச் சொல்லும் வினாக்களிலும், சுருக்கி வரைதலிலும் சிக்கல் வேறு. மாணவர்கள் உரைப்பகுதியின் வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் போட்டுக்கொண்டே போவார்கள். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும், பொருள் மட்டும் கோணலாகிவிடும். தாளை மூடிவைத்துவிட்டு, அந்தக் கருத்தை ஒருவரிடம் வாயால் சொல்லிக்காட்டிய பிறகு எழுதினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடுகிறது. சுருக்கி வரைதலில் சொல் வரம்பு கடுமையானது. சிங்கப்பூரின் ஓ லெவல் ஆங்கிலத் தேர்வில், எடுத்துக்காட்டாக, 80 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். அந்த அளவில் உதாரணங்களுக்கும் அடைமொழிகளுக்கும் இடமில்லை. எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் அங்கே சோதிக்கப்படுகிறது என்பதால், எழுதிய சுருக்கத்தை மேலும் பத்துச் சொற்கள் குறைத்து எழுதச் சொல்லிப் பாருங்கள்.

பயிற்சிக்கு எடுக்கும் உரைப்பகுதியின் கடினமும் முக்கியம். உதவியின்றி ஓர் ஆங்கிலக் கதையைப் போதிய அளவு புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் ஆகிய இருவரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். 400 சொற்கள் கொண்ட பகுதியில் தெரியாத சொற்கள் எட்டு வரை இருக்கலாம் என்று கணக்கு. நாற்பது சொற்கள் தெரியாத பகுதியைக் கொடுத்துவிட்டு ஊகித்துப் பொருள் காணச் சொல்வது அகராதி புரட்டும் வேலையாகிவிடும், வாசிப்புப் பயிற்சி ஆகாது. அன்றாட வாசிப்புக்குச் சற்று எளிதானதையும், ஆழ்ந்த பயிற்சிக்குத் தேர்வுத் தரத்தில் உள்ளதையும் வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு பல துறைகளையும் தொட வேண்டும். ரெக்ட், லெஸ்லி ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பில் பின்தங்கிய ஆனால் பேஸ்பால் ஆட்டத்தை நன்கறிந்த மாணவர்கள், அந்த ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் படித்தபோது, ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். விண்வெளி, விலங்குகள், நகர வாழ்க்கை, வரலாறு என்று எதைப் பற்றிய பகுதி வந்தாலும் ஓரளவு முன்னறிவு இருந்தால் வாசிப்பே இலகுவாகிறது. வினாத்தாள்களை மட்டும் அரைத்துக்கொண்டிருந்தால் அந்த அறிவு வராது.

இனி கட்டுரை. உரைப்பகுதிக்கு ஒரு நாள், கட்டுரைக்கு இன்னொரு நாள் என்று பிரித்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நன்றாக எழுதப்பட்ட ஓர் உரைப்பகுதி கையில் இருக்கும்போது, எழுத்துக்கு அதைவிட நல்ல ஆசான் வேறு யார்? பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் பாஸ்டனில் தம் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, லண்டனிலிருந்து முன்பு வெளிவந்த ஸ்பெக்டேட்டர் இதழின் ஒரு தொகுதி அவருக்குக் கிடைத்தது. அதிலிருந்த கட்டுரைகளின் ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கக் குறிப்பாக எழுதிவைத்துக்கொண்டு, சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளை மட்டும் கொண்டு கட்டுரையைத் தம் சொற்களில் மறுபடி எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைத் திருத்திக்கொண்டதாக அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப்போட்டுவிட்டு, சில வாரம் கழித்து அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கிப் பார்த்தும் பழகினார்.

இந்தப் பயிற்சியைத் தங்கள் மகள் அப்படியே செய்யலாம். வினாக்களுக்கு விடை எழுதி முடித்த உரைப்பகுதியில் ஒரு பத்தியை மட்டும் எடுத்தால் போதும். மறுபடி எழுதியதை மூலத்தோடு வைத்துப் பார்க்கும்போது, எங்கே ஒரு சிறு வாக்கியம் அழுத்தம் தந்தது, எங்கே இரண்டு கருத்துகள் ஒரே வாக்கியமாக இணைந்தன, தாம் மூன்று வாக்கியம் செலவழித்ததை மூலத்தை எழுதியவர் எப்படி ஒன்றில் முடித்தார் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூலத்தைவிடத் தம்முடைய வாக்கியம் நன்றாக அமைந்த இடமும் எப்போதாவது அகப்படும். பிராங்க்ளினுக்கும் அந்த மகிழ்ச்சி கிட்டியிருக்கிறது.

கட்டுரைகளைத் திருத்தும்போது இலக்கணப் பிழைகளைவிட என்னைச் சோர்வடையச் செய்வது, கருத்துகளை அடுக்கிக்கொண்டே போய் ஒன்றையும் வளர்க்காமல் விடுவதுதான். வீட்டுப்பாடம் தேவையா என்ற தலைப்புக்கு, “வீட்டுப்பாடம் மன அழுத்தம் தருகிறது. மேலும் அது நேரத்தை வீணாக்குகிறது. அதுமட்டுமின்றி விளையாட்டையும் கெடுக்கிறது” என்று ஒரு பத்தி வரும். மூன்று கூற்றுகள், ஒன்றுக்கும் காரணமோ சான்றோ இல்லை. மோர்ஓவர், ஃபர்தர்மோர் என்று இணைப்புச் சொற்கள் மட்டும் கம்பீரமாக நிற்கும். மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எப்படி, யாருக்கு, எந்தச் சூழலில் என்று கேட்டால் பத்தி வளரத் தொடங்கும். வகுப்பில் புரியாத கணக்கையே வீட்டிலும் செய்யச் சொன்னால், உதவ ஆள் இருக்கும் மாணவன் செய்துவிடுகிறான். ஆள் இல்லாதவன் மறுநாள் காலையில் பக்கத்து இருக்கை நோட்டைப் பார்த்து எழுதிவிடுகிறான். இருவர் நோட்டிலும் ஒரே விடை இருப்பதால், யாருக்குப் புரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இப்படி எழுதினால் அது வாதம். இதில் அரிய சொல் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே முழுக் கட்டுரைகளை எழுதிக் குவிப்பதைவிட, ஒரு தலைப்புக்கு ஐந்து நிமிடத்தில் திட்டக் குறிப்பு மட்டும் எழுதி, அதில் ஒரே ஒரு பத்தியை முழுமையாக வளர்ப்பது நல்ல பயிற்சி. முடிவுரை எப்படி இருக்கும் என்பது திட்டத்திலேயே தீர்மானமாகியிருக்க வேண்டும். கதை எழுதும் மாணவர்கள் இதை மறந்துவிட்டு, நேரம் முடியும்போது “எல்லாம் கனவு” என்று முடித்துவிடுவதை எத்தனையோ தாள்களில் பார்த்தாயிற்று. மனப்பாடக் கட்டுரைகளை அறவே நிறுத்திவிடுங்கள். தலைப்புக்கும் கட்டுரைக்கும் இடையே உள்ள இடைவெளி திருத்துபவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும், தலைப்பை ஒட்டி எழுதாததற்கு மதிப்பெண்ணும் குறையும்.

இலக்கணத்துக்குத் தனிப் பயிற்சி நூல் வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. கிரஹாம், பெரின் ஆகியோர் இளம்பருவ மாணவர்களின் எழுத்துப் பயிற்சி குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், திட்டமிட்டு எழுதித் திருத்தக் கற்பிப்பதும், சுருக்கி எழுதுவதும், சிறு வாக்கியங்களை இணைத்துப் பெருவாக்கியமாக்குவதும் எழுத்தை மேம்படுத்தியதாகத் தெரியவந்தது. எழுத்தோடு சேர்க்காமல் இலக்கணத்தைத் தனியே கற்பித்த முறை பயன் தரவில்லை. எனவே மகளின் சொந்தக் கட்டுரைகளிலிருந்தே ஒரு பிழைக் குறிப்பேடு தொடங்குங்கள். எழுவாய் ஒருமையாகவும் வினை பன்மையாகவும் நிற்பது, இறந்த காலத்தில் தொடங்கிய கதை நடுவில் நிகழ்காலத்துக்குத் தாவுவது என்று ஒவ்வொருவருக்கும் வழக்கமான பிழைகள் நாலைந்துதான் இருக்கும். ஒவ்வொரு கட்டுரையையும் முடித்தபின் ஒரு வாசிப்புக்கு ஒரு பிழையை மட்டும் தேடச் சொல்லுங்கள். எல்லாப் பிழைகளையும் ஒரே வாசிப்பில் பிடிக்க நினைப்பவர் கண்ணில் பெரும்பாலும் எதுவும் படுவதில்லை.

தங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றும் எழுதியிருந்தீர்கள். அது தடையில்லை. மகள் எழுதிய பத்தியின் கருத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், கேட்கும்போது எங்கே “அது எப்படி?” என்று தோன்றுகிறதோ, அந்த இடத்தில் கட்டுரையிலும் ஓட்டை இருக்கிறது. மொழிப் பிழையைத் திருத்த மட்டும் ஆசிரியரிடம் கொடுத்தால் போதும். அவர் திருத்தித் தந்த தாளைக் கோப்பில் வைத்துவிடாமல், இரண்டு மூன்று நாள் கழித்து அதே கட்டுரையைப் புதிதாக எழுத வைக்க வேண்டும்.

நேரம் வைத்து முழு வினாத்தாள் எழுதுவதைத் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்கு ஒத்திவைக்கலாம். அப்போது மொத்த நேரத்தை மதிப்பெண்களுக்கு ஏற்பப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் எல்லை வகுத்து, கட்டுரையைத் திட்டமிட முதல் ஐந்து நிமிடத்தையும் பிழை பார்க்கக் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஒதுக்கி எழுதிப் பழகட்டும்; இரண்டு மதிப்பெண் வினா ஒன்று பிடிகொடுக்காமல் இழுத்தடித்தால், அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவதையும் அந்த வாரங்களிலேயே பழக்கப்படுத்த வேண்டும்.