லாரி, வேன்களுக்கு எஃப்.சி. (ஓடத் தகுதியான வண்டி என்ற சான்று) இருப்பதுபோல் சொந்தக் கார், பைக்குக்கும் கட்டாயச் சோதனை கொண்டுவரலாமா? நன்மை தீமை என்ன?

காருக்குக் கொண்டுவரலாம். ஆனால் இன்று எஃப்.சி. நடக்கிற லட்சணத்தில் கொண்டுவந்தால் வேண்டாம்.

எங்கள் வீட்டில் வாடகை வேன் ஓடுகிறது. வணிக வாகனம் என்றால் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குமேல் ஆண்டுதோறும். சொந்தக் காரையும் பைக்கையும் முதல் 15 ஆண்டுகள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. புகைச் சான்றோடு சரி. அப்புறம் ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஒரு தடவை காட்டினால் ஐந்து ஆண்டு ஓட்டலாம்.

எஃப்.சி.யால் வரும் நன்மை, என்னைக் கேட்டால், ஆர்.டி.ஓ. மைதானத்தில் கிடைப்பதில்லை, அதற்கு முந்தைய வாரம் பட்டறையில் கிடைக்கிறது. அப்போதுதான் நான்கு சக்கரத்தையும் கழற்றுவார்கள். டிரம்மைத் திறந்தால் பிரேக் லைனர் ரிவெட் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். டிரைவரோ, “நல்லாத்தானே நின்னுச்சு” என்பார். நிற்கத்தான் செய்யும், ஒருநாள் மலை இறக்கத்தில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வரும்வரை. எஃப்.சி. என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்த லைனரை மாற்றப் பாதிப் பேர் காசு எடுக்க மாட்டார்கள்.

சரி, தீமை? தேதி முன்கூட்டியே தெரிந்த பரீட்சை அது. நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டி, சான்றிதழ் கைக்கு வந்ததும் பழைய மொட்டை டயரையே திருப்பி மாட்டுகிறவர்கள் உண்டு. துருப்பிடித்த இடத்தில் பட்டி வைத்து பெயின்ட் அடித்துவிட்டால் வண்டி பளபளக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி பிரேக் பிடித்துப் பார்ப்பார், லைட், ஸ்டிக்கர், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கவர்னர் பார்ப்பார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். புரோக்கர் செலவும், வண்டி நிற்கும் நாட்களின் வருமானமும் தனிக் கணக்கு. ஒற்றை ஆட்டோ வைத்திருப்பவருக்கு இது பெரிய அடி.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தது நினைவிருக்கும். அந்தப் பேருந்துக்கு அப்போதுதான் எஃப்.சி. கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது கோடை விடுமுறையில் பல துறை அதிகாரிகள் சேர்ந்து கூட்டாய்வு நடத்துகிறார்கள். பேருந்துக்குள் ஏறித் தரைப்பலகையைப் பார்க்கிறார்கள், அவசரக் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். அதே சோதனைதான், பார்க்கிற விதம் மாறியிருக்கிறது.

வெளிநாட்டைச் சொல்லி வாதாடுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆதாரம் கிடைக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் 2025 ஜனவரியிலிருந்து சொந்தக் கார்களுக்கான பாதுகாப்புச் சோதனையை எடுத்தேவிட்டது. பிரிட்டனில் மூன்று வயதானதும் காருக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனை. சோதிப்பது பெரும்பாலும் தனியார் பட்டறைகள். ரிப்பேரும் அவர்களே செய்வதால், இல்லாத குறையைச் சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள் என்ற புலம்பல் அங்கேயும் உண்டு. ஆனால் எந்த வண்டி எண்ணைத் தட்டினாலும், அது எப்போது எதில் தோற்றது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். எனக்கு இங்கே வேண்டியது அதுதான். பழைய கார் வாங்குகிறவன் மீட்டரைத் திருப்பிவைத்திருக்கிறார்களா என்று மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

நம் ஊரில் 2022இல் மாறியது கட்டணம்தான். 15 வயது தாண்டிய காரின் மறுபதிவு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. ஏழாவது எட்டாவது வயதில் ஒருமுறை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இதைவிடப் பிரயோஜனம்.

பைக்கை இதில் இழுக்க வேண்டாம். இருக்கிற வண்டிகளுக்கே மைதானத்தில் இடமில்லை. தவிர, டயரும் பிரேக்கும் குனிந்தாலே கண்ணுக்குத் தெரிகிற வண்டி அது.