எலி மறந்ததா, கண் மங்கியதா?

வணக்கம். ஸ்கோபொலமைன் என்ற மருந்தை ஊசியாகப் போட்ட எலிகள் மோரிஸ் நீர்ப்புதிரில் (நீருக்கடியில் மறைந்த மேடையை, சுற்றியுள்ள அடையாளங்களை வைத்து எலி கண்டுபிடிக்க வேண்டிய தொட்டிச் சோதனை) மேடையைத் தேடித் திணறுகின்றன, இதை நினைவிழப்பு என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த மருந்து மூளையில் நினைவுக்கு உதவும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் செய்தியைப் பெறும் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைப்பது உண்மைதான். ஆனால் கண்மணியையும் விரித்துவிடும். சுவரில் ஒட்டிய அடையாளங்களே மங்கலாகத் தெரிந்தால் எலி எதை வைத்து வழி கற்கும்?

மேடையை நீருக்கு மேல் உயர்த்தி, சிறு கொடி நட்டு நீந்த விடுங்கள். அப்போதும் தடுமாறினால் கோளாறு நினைவில் மட்டும் இல்லை. இன்னொரு குழுவுக்கு இதே மருந்தின் மாற்று வடிவமான மெத்தில்ஸ்கோபொலமைன் கொடுங்கள். அது மூளைக்குள் எளிதில் நுழையாது. எனவே அந்தக் குழுவும் திணறினால், கண் போன்ற மூளைக்கு வெளியிலான காரணத்தைச் சந்தேகியுங்கள். என் எலி ஒன்று தொட்டிச் சுவரோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. மேடையைத் தேடவே இல்லாத அதை மறதி என்று எழுதிப் பேராசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊசியைப் பயிற்சிக்கு முன் போட்டீர்களா, பின்னரா?