பக்கவாதம் வந்தவருக்கு வாசலிலிருந்து ஊசி வரை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஸ்டாஃப் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தேன், இப்போது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சில வருடங்களாக ஸ்ட்ரோக் பாத்வேதான் என் முழுநேர வேலை. கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன, முடிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, புரோட்டோகாலும் கேர் பாத்வேயும் ஒன்றா? எங்கள் வார்டில் சுவரில் ஒட்டியிருக்கிறது, யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

சுவரில் இருப்பது புரோட்டோகால். அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போடலாம் என்று அதில் இருக்கும், அது எல்லா டாக்டருக்கும் தெரியும். நோயாளி வாசலில் இறங்கியதும் சிடி ரூமுக்கு யார் போன் பண்ணுவது, எடையை யார் பார்ப்பது (டோஸ் எடையை வைத்துத்தான்), மருந்து எந்த அலமாரியில், அதன் சாவி யாரிடம் என்று ஆள் பெயரோடு முடிவு செய்தால் அதுதான் பாத்வே.

எங்களிடம் நோயாளி வந்து ஊசி போட 90 நிமிடம் ஆகிறது. எங்கே குறைக்கலாம்?

டாக்டர், முதலில் கையில் கடிகாரத்தோடு ஒரு நோயாளி கூடவே நடந்து பாருங்கள். நான் நடந்தேன். கேஷுவாலிட்டி டாக்டர் பார்த்த சில நிமிடங்களில் ஸ்கேன் எழுதிவிட்டார். அப்புறம்? ஸ்ட்ரெச்சர் தாழ்வாரத்திலேயே நிற்கிறது, மகன் பில்லிங் கவுண்டரில் ரசீதுக்காக வரிசையில் நிற்கிறான், அவனுக்கு முன்னால் இருப்பவர் சில்லறைக்காகச் சண்டை போடுகிறார். மூளையில் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், இங்கே சில்லறைப் பஞ்சாயத்து! ஸ்ட்ரோக் நோயாளிக்கு முதலில் ஸ்கேன், பிறகு பில் என்று நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்க எங்களுக்குப் பல மாதம் ஆனது, ஆனால் வேறு எதையும்விட அதுதான் அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில், வாசலிலிருந்து ஊசி வரையிலான நேரம் 1998-ல் 105 நிமிடமாக இருந்தது 2011-ல் 20 நிமிடமாகக் குறைந்ததும் இதே வழியில்தான். புது மருந்து எதுவும் வரவில்லை. ஆம்புலன்ஸ் வழியிலேயே தகவல் சொல்லிவிடும், நோயாளி வருவதற்குள் பழைய கேஸ் விவரத்தை எடுத்து வைத்துவிடுவார்கள், ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக சிடி ரூம், ஊசியும் அந்த ஸ்கேன் மேசையிலேயே. ஒரே நாளில் செய்ததல்ல, ஒவ்வொரு தாமதமாகப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தார்கள்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டாமா?

வேண்டாம். சர்க்கரை அளவு கட்டாயம், விரல் நுனியில் குத்தினால் முடிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், ரத்தம் உறைவதில் கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர் என்றால் மட்டும் ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்க்கும் சோதனை) போன்றவற்றுக்குக் காத்திருங்கள்.

செக்லிஸ்ட் அடித்துக் கொடுத்து, கூடவே பயிற்சியும் கொடுத்தால் போதாதா மேடம்?

உத்தரப் பிரதேசத்தில் பிரசவ செக்லிஸ்டை வைத்து 120 சுகாதார நிலையங்களில் பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2017-ல் வெளியானது. பாதி இடங்களில் பக்கத்தில் இருந்து வழிகாட்ட ஆள் போட்டார்கள். இரண்டு மாதத்தில் அங்கே 73 சதவீத நடைமுறைகள் ஒழுங்காக நடந்தன, மற்ற இடங்களில் 42. ஆனால் தாய் சேய் இறப்பிலும் கடும் சிக்கல்களிலும் வித்தியாசம் வரவில்லை. டிக் அடிக்கிற பழக்கம் வந்துவிடும், ஆனால் ஆள் பற்றாக்குறையையோ மருந்துத் தட்டுப்பாட்டையோ காகிதம் தீர்க்காது என்பது என் எண்ணம். ஆகவே எத்தனை டிக் என்று மட்டும் எண்ணாதீர்கள், நோயாளி என்ன ஆனார் என்றும் எண்ணுங்கள்.

நான் ஐசியூவில் ஜூனியர் நர்ஸ். சீனியர் டாக்டர் கை கழுவாமல் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போட வந்தால் எப்படி நிறுத்துவது அக்கா? பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் தம்பி. அமெரிக்காவின் மிச்சிகனில் 100-க்கும் மேற்பட்ட ஐசியூக்களில் ஐந்தே விஷயங்களைப் பிடித்துக்கொண்டு (கை கழுவுதல் அதில் முதலாவது) சென்ட்ரல் லைன் தொற்றை 18 மாதத்தில் 66 சதவீதம் வரை குறைத்தார்கள். அங்கே தவறு நடந்தால் டாக்டரை நிறுத்தும் உரிமையை நர்ஸுக்கு மேலிடமே கொடுத்திருந்தது. அந்த உத்தரவு எழுத்தில் இல்லாத இடத்தில் உங்களைத் தைரியமாக இருக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி உத்தரவை வாங்குங்கள். அதுவரை, "சார், ஹேண்ட்ரப் இதோ" என்று பாட்டிலை நீட்டிவிடுங்கள், பாதிப் பேர் வாங்கிக்கொள்வார்கள்.

பகலில் எல்லாம் சரியாக நடக்கிறது, இரவில் ஏன் சொதப்புகிறது?

எல்லா ஊரிலும் இதே கதைதான். மெல்போர்னில் ஹெல்சிங்கி முறையை அப்படியே எடுத்துச் செய்தார்கள், நாலே மாதத்தில் ஊசி போட ஆகும் நேரம் வேலை நேரத்தில் 25 நிமிடத்துக்கு வந்துவிட்டது, வேலை நேரத்துக்கு வெளியே பெரிதாக அசையவில்லை. பகல் ஆட்களை மனதில் வைத்து எழுதிய பாத்வே இரவில் ஓடாது. உங்கள் ஊரில் இரவு 2 மணிக்குச் சிடி டெக்னீஷியன் வளாகத்திலேயே இருக்கிறாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? வீட்டிலிருந்து என்றால், நோயாளி வந்த பிறகு அல்ல, ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே அவருக்குப் போன் போக வேண்டும். இந்த வாரம் ஒரு நைட் டியூட்டியில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.