நோய்கள் குறைந்தது தடுப்பூசியாலா, சுத்தத்தாலா?

"நல்ல தண்ணீரும் கழிப்பறையும் வந்ததால் தொற்றுநோய்கள் தானாகவே குறைந்தன, தடுப்பூசி சும்மா பெயர் வாங்கிக்கொண்டது" என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காலராவுக்கு அது பெருமளவு பொருந்தும். போலியோவிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

அமெரிக்காவில் போலியோ உச்சம் தொட்டது 1952-இல், சுமார் 58,000 பேருக்கு. நம்மைவிடச் சுத்தமான ஊர்தானே? வேடிக்கை என்னவென்றால், சுத்தமே அங்கே வினையானது. அழுக்கான சூழலில் கைக்குழந்தையாக இருக்கும்போதே கிருமி தொற்றிவிடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அப்போது காப்பாற்றும். சுத்தமான ஊரில் தொற்று தள்ளிப்போய், அந்தச் சக்தி தீர்ந்த வயதில் வந்து காலை முடக்கியது. 1955-இல் ஜோனாஸ் சால்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் போலியோ தடுப்பூசி வந்தது. 1962-இல் ஆண்டுக்கு ஆயிரம் பேர்கூட இல்லை.

அப்புறம் நம் நாடு. இந்தியாவில் 2009-இல் 741 பேருக்குப் போலியோ, பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும். 2010-இல் 42. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை, அதோடு சரி. இரண்டே வருடத்தில் அந்த ஊர்ச் சாக்கடைகளை யாரும் மூடிவிடவில்லை. மாறியது சொட்டு மருந்துதான்: 2010-இல் அங்கே பரவிய இருவகைப் போலியோ கிருமிக்கும் சேர்த்து வேலை செய்யும் புது மருந்து வந்தது. வயிற்றுப்போக்கு அடிக்கடி வரும் குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு தவணை பலன் தராது என்பதால் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். வீடு வீடாக, ஓடும் ரயிலில், செங்கல் சூளையில் என்று தேடிப் போனார்கள். கொடுத்த குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை. மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். சூடு பட்டுச் சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால், மருந்து கெட்டிருக்கலாம் என்று அந்தக் குப்பியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் தட்டம்மை வரைபடம் ஒன்றும் உண்டு: "பாருங்கள், ஊசிக்கு முன்பே கோடு இறங்கிவிட்டது!" அது இறந்தவர்கள் கணக்கு. நல்ல சாப்பாடும் மருத்துவமும் கிடைத்தால் தட்டம்மை வந்த குழந்தை பிழைத்துக்கொள்ளும், ஆனால் நோய் வரத்தான் செய்யும். நோய் வந்தவர்கள் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1963-இல் ஊசி வரும்வரை வருடத்துக்குச் சில லட்சம் என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு, அடுத்த ஐந்தாறு வருடங்களில் தரையைத் தொடுகிறது.